மலட்டாறு, ஏழாம் நிலையம்

நவம்பர் பதினாறு, காலை ஆறு பத்து.
பேரணாம்பட்டு தாண்டி ஒரு தரைப்பாலம்.
நேற்று ஆந்திர மலையில் பெய்தது
இன்று இங்கே கலங்கி ஓடுகிறது,
என் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே.

பெயரே மலட்டாறு.
இதில் மீன் எண்ண எனக்கு
மூன்று மாதச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
நாட்டினம். அயலினம்.
நடுவில் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.

ஜபருல்லா வலையின் பாதியைத் தோளில் போட்டு
ஈயக்குண்டு ஒன்றைப் பல்லில் கடித்து
இடுப்பிலிருந்து திரும்பி விடுகிறான்.
தோல் ஷாப்பில் வேலை இல்லாத நாளில்தான் வருவான்.
கூலி அறுநூறு, டிபன் தனி.

முதல் வீச்சு: ஜிலேபி பதினேழு,
ரப்பர் செருப்பு ஒன்று, இடது கால்.
இரண்டாவது: ஜிலேபி இருபத்துமூன்று, குரவை ஒன்று.
குரவை வாளியின் மேலே வந்து
காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே போனது,
யாரையும் நம்பி இல்லை என்பதைப் போல.
மூன்றாவதில் வந்தது
தொட்டி கழுவுவதற்கென்று கடையில் விற்கிற மீன்.
உடம்பெல்லாம் ஓடு.
வலைக்கண்ணில் முள் மாட்டி
நான்கு கண்ணியை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது.
"ஆம்பூர்ல எவன் வூட்டுத் தொட்டியோ மேடம்.
பெருசாயிடுச்சேன்னு எட்த்தாந்து உட்டுட்டான்.
கொல்ல மனசு வரல போல."

அயலினம், ஒன்று.
(கொல்ல மனசு வராததற்குக் கட்டம் இல்லை.)

பிறகு அந்தப் பெரிய ஜிலேபி.
அளவுப் பலகையில் வைத்து அமுக்கியதும்
வாயிலிருந்து குஞ்சுகளைக் கக்கியது.
கடுகுக்குக் கண் வைத்த மாதிரி
பலகை முழுக்கத் துள்ளல்.
இதை ஒன்று என்று எழுதுவதா?
"எழுவத்தொண்ணு," என்றான் ஜபருல்லா,
அதற்குள் எண்ணி முடித்திருந்தான்.
"இங்கதான முட்ட போட்டுது, இங்கதான பொறந்துச்சு.
இதுங்க எந்தப் பக்கம்?"
கோட்டுக்கு வலப்பக்கம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
எனக்கும் பேனா கொஞ்சம் தயங்கித்தான் ஓடியது.
ஆனாலும் விதி விதிதான்:
அயலினத்தைத் திரும்ப ஆற்றில் விடக்கூடாது.

ஒன்பதரை மணிக்கு, கடைசி வீச்சுக்கும் பிறகு,
நாங்கள் வலை உலர்த்திய பாறையின் நீர்ப்பக்கம்
விரல் நீளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.
நீரோட்டம் இழுக்கிறது, அது வரவில்லை.
தாடைக்குக் கீழே வட்டமாய் ஓர் உறிஞ்சு தட்டு,
வாலடியில் கறுப்புப் பொட்டு.
கல்லொட்டி.
ஆறு நிலையத்திலும் இல்லாதது.

டாக்டர் எத்திராஜுலுவின் கட்டளை என் பையில் இருக்கிறது:
புதிதாக எது கிடைத்தாலும் ஒன்றை
ஃபார்மலினில் போடு.
பாட்டில் மீன் இல்லாவிட்டால்
அது கண்ட மீன் அல்ல, கேட்ட மீன்.

மூடியைத் திறந்தேன். கண் எரிந்தது.
சீட்டும் எழுதி ஒட்டிவிட்டேன்:
நிலையம் 7. கல்லொட்டி. 1.
அந்த ஒன்றை எழுதிய பிறகுதான்
அந்த ஒன்றைப் படித்தேன்.

பாறை முழுக்க இன்னொன்று தேடினோம், மேலும் கீழும்,
பதினொன்றேகால் வரை.
கைகள் ஊறிச் சுருங்கிவிட்டன.

விட்டேன்.
படம் எடுத்தேன், போனில் ஈரம்.
சாம்பல் நிறத்தில் ஒரு கோணல் மட்டும் விழுந்திருக்கிறது,
நிழல் என்றும் சொல்லலாம்.

மாலையில் டாக்டர் போனில் சொன்னார்:
"ஆதாரம் இல்லையென்றால் பூஜ்யம் போடும்மா."

ஜிலேபிகளை ஜபருல்லா சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்,
பாதி அவன் வீட்டுக்கு, பாதி நான்கு முனைக்கு.
எனக்கும் நாலு தந்தான்.
மிளகாய் தடவி வறுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மேசையில் அந்தப் பாட்டில்.
சீட்டு ஒட்டிய பாட்டில்.
விளக்கில் பிடித்துப் பார்த்தால்
அடிவரை தெளிவாய்த் தெரிகிறது,
உள்ளே எதுவும் சாகவில்லை.